ஆலை வாசலில் நின்ற ஏட்டையா

ஏட்டையாவைப் பற்றி நான் எழுதுகிறேன் என்று தெரிந்தால் என் தங்கை வீட்டுக்காரர் இனி என் வாசலை மிதிக்க மாட்டார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. அவருடைய பெண்டாட்டி, என் தங்கை தனம், அரிசி ஆலைக்குள் குண்டு பட்டுக் கிடந்தபோது, கையில் துப்பாக்கியோடு ஆலை வாசலில் நின்ற போலீஸ்காரர் இந்த ஏட்டையாதான். அவரும் உள்ளே போகவில்லை, எங்களையும் போக விடவில்லை. அதை ஊர் நேரில் பார்த்தது, மற்றவர்கள் செல்போனில் பார்த்தார்கள். ஏட்டையா செத்து இரண்டு வருடமாகிறது. செத்தவரைப் பற்றி இனி என்ன பேச்சு என்று நானும் இருந்துவிடலாம். முடியவில்லை.

எனக்குக் காவல் நிலையத்துக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை. காரைக்குடியிலிருந்து புதுவயல் போகிற பக்கத்தில் ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொல்ல மாட்டேன், நாளைக்கும் நான் அங்கேதான் கடை திறக்க வேண்டும். காணாமல் போன ஆடு, வரப்புத் தகராறு, பாஸ்போர்ட் விசாரணை என்று நிலையத்துக்கு வருகிறவர்கள் முதலில் என்னிடம் வந்து மனு டைப் செய்துகொண்டுதான் ரோட்டைத் தாண்டுவார்கள். நிலையத்தில் இருந்த ஜெராக்ஸ் மிஷின் பழுதாகிப் பல வருடம். அதனால் ஏட்டையா தினமும் காலையில் ஏதாவது ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வருவார்.

வந்தால் உள்ளே ஏற மாட்டார். தகரக் கூரைக்கு அடியில், தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பார். மழை சாய்ந்து அடித்தாலும் அங்கேதான். நான் தலையைத் தூக்கி "உள்ள வாங்க ஏட்டையா" என்று சொன்ன பிறகே ஷூவைத் தட்டிவிட்டுப் படியேறுவார். உள்ளே வந்தாலும் "உக்காருங்க" என்று தனியாக ஒரு தடவை சொல்ல வேண்டும். பதினோரு வருடமாக இதே கதை. எனக்கு எரிச்சலாக வரும்.

"என்ன ஏட்டையா, தெனமும் வெத்தலபாக்கு வச்சு அழைக்கணுமா ஒங்கள?"

"நீ சொல்லு ஆத்தா. சொன்னாத்தானே வரலாம்."

அதுதான் அவர். 'சொல்லட்டும்' என்பது அவர் வாயில் ஒரு நாளைக்கு இருபது தடவை வரும். நிலையத்தில் ஃபேன் கழன்று தொங்கினால், மேலே எழுதிப் போட்டிருக்கிறது, சொல்லட்டும் என்பார். இடமாற்றம் வரும்போல இருக்கிறதே என்றால், சொல்லட்டும், போவோம் என்பார். மானகிரியில் ஒரு கல்யாணப் பந்தியில் அவருக்குப் பக்கத்து இலை எனக்கு. சோறு விழுந்து, சாம்பார் விழுந்து, நாங்கள் ரசத்துக்கு வந்துவிட்டோம். அவர் கையைத் துடைத்து வைத்துக்கொண்டு இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். பெண் வீட்டுக்காரர் யாரும் வந்து "சாப்பிடுங்க" என்று சொல்லவில்லையாம். நானே எழுந்து போய் மணப்பெண்ணின் அப்பாவைப் பிடித்து இழுத்து வந்தேன். பந்தியே சிரித்தது. அவருடைய சம்சாரம் சிரிக்கவில்லை. "இந்த மனுசனோட நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும். பசிக்குதுன்னு வாயத் தெறந்து சொல்ல மாட்டாக. சாப்பிடுறீகளான்னு நான் கேக்கணும்" என்றார்.

ஏன் இப்படி ஆனார் என்று எனக்குத் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் உத்தரவு இல்லாமல் ஒருவனை அடித்து, அவன் ஒரு காது செவிடாகிவிட்டான் என்று ஒரு கதை உண்டு. அவருடைய அப்பா ராணுவம் என்று இன்னொரு கதை. ஒரு தடவை அவரிடமே கேட்டேன். "அப்பறம் சொல்றேன்" என்றார். அந்த அப்புறம் வரவே இல்லை.

ஆனால் ஒன்று. இந்தக் குணத்துக்காக ஊர் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடிய காலமும் இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது பாதிப் பொய்யாகிவிடும்.

ஒரு கோடையில் குடிதண்ணீர் வரவில்லை என்று பெண்கள் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். தனமும் முன்வரிசையில் இருந்தாள், அவளுக்கு எதிலும் முன்வரிசைதான். புதுவயல் ஆலைகளுக்குப் போகிற நெல் லாரிகள் பின்னால் வரிசையாக நின்றன. அப்போது புதிதாக வந்திருந்த ஒரு சப்-இன்ஸ்பெக்டர் பொறுமை இழந்து, "அடிச்சு வெரட்டுங்கய்யா" என்று கத்தினார். மற்றவர்கள் லத்தியை ஓங்கினார்கள். குடங்கள் உடைந்தன, இரண்டு மூன்று பேருக்கு முழங்கை வீங்கியது. ஏட்டையா மட்டும் லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தனத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"காது கேக்கலையா ஏட்டு?"

"கேக்குதுங்கய்யா. எழுதிக் குடுங்க, அடிக்கிறேன்."

நடுரோட்டில் எதை எழுதிக் கொடுப்பார்? அவர் பல்லைக் கடித்துக்கொண்டு போய்விட்டார். அந்த வரிசையில் ஒருத்தி மேலும் அடி விழவில்லை. அன்றிலிருந்து ஊரில் அவருக்கு 'அடிக்காத ஏட்டு' என்று பேர். போலீஸ் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று டீக்கடையில் பேசாத ஆள் கிடையாது. தனம் அதிரசம் சுட்டு என் கடையில் கொண்டுவந்து வைத்தாள். "ஏட்டையா இருக்கும்போது நமக்கென்னக்கா பயம்" என்றாள். அவள் அதை நிஜமாகவே நம்பினாள். நானும்தான்.

அந்த நாள் காலையில் ஒரு மந்திரி வருகிறார் என்று இன்ஸ்பெக்டரும் மற்றவர்களும் சிவகங்கைக்குப் பந்தோபஸ்துக்குப் போய்விட்டார்கள். நிலையத்தில் ஏட்டையாவும் ஒரு பெண் காவலரும் மட்டும். பத்தரை மணி இருக்கும். தனம் எனக்குப் போன் செய்தாள். ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு ஆலையில் மூட்டை தைக்கிற வேலை அவளுக்கு.

"அக்கா, பழைய மொதலாளி துப்பாக்கியோட வந்து எல்லாரையும் சுடுறாரு. எனக்குத் தொடையில பட்டுருச்சு. எடை ரூம்புக்குள்ள கெடக்கேன். ஏட்டையாவ வரச் சொல்லுக்கா."

பங்கு பிரித்ததில் ஏமாற்றப்பட்டுவிட்டேன் என்று வருடக்கணக்காகப் புலம்பிக்கொண்டிருந்த ஆள் அவர். வீட்டில் லைசென்ஸ் வாங்கிய ரெட்டைக் குழல் துப்பாக்கி வைத்திருந்தார்.

நூறுக்கு ஏன் போன் பண்ணவில்லை என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். பண்ணியிருந்தால் காரைக்குடியிலிருந்து வண்டி சீக்கிரம் வந்திருக்குமாம். தனத்துக்கும் அது தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. எதிரே ஏட்டையா இருக்கும்போது நூறு எதற்கு? அந்தப் புத்திக்காக இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்கிறேன்.

ஓடினேன். அவர் உடனே எழுந்தார், அதில் குறை சொல்ல மாட்டேன். துப்பாக்கிகள் கோத்துக் கட்டியிருந்த சங்கிலியின் பூட்டைத் திறந்தார், இரும்புப் பெட்டியிலிருந்து தோட்டாக்களை எடுத்தார். எடுத்தவர் பதிவேட்டை விரித்து எழுத ஆரம்பித்தார்.

"ஏட்டையா, என்ன செய்றீக! அங்க என் தங்கச்சி கெடக்கா!"

"கையெழுத்துப் போடாம குண்ட எடுக்கக் கூடாது ஆத்தா. இந்தா ஆச்சு."

நிலையத்து ஜீப் சிவகங்கையில். என் ஸ்கூட்டியில்தான் போனோம். நான் ஓட்ட, பின்னால் அவர் துப்பாக்கியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேறொரு நாளாக இருந்தால் ஊரே நின்று சிரித்திருக்கும்.

ஆலை கேட் பாதி திறந்து கிடந்தது. நுழைந்ததும் இடது பக்கம், பதினைந்து அடியில் எடை ரூம். ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் ரோட்டுக்கு அந்தப்புறம் ஒதுங்கி நின்றார்கள். உள்ளே இரண்டு வெடி கேட்டது. ஏட்டையா இறங்கினார். துப்பாக்கியைத் தோளுக்குக் கொடுத்து கேட்டை நோக்கி இரண்டு எட்டு வைத்தார். நான் பார்த்தேன். இன்னும் நாலு எட்டு வைத்திருந்தால் உள்ளே போயிருப்பார். அங்கே நின்று, இடுப்பிலிருந்த வாக்கி-டாக்கியை எடுத்தார்.

"அய்யா, உள்ள போகட்டுங்களா?"

அவர் செய்த தப்பு அதுதான். கேட்காமல் போயிருக்கலாம். கேட்டுவிட்டார். நான் அவருக்கு ஒரு கை தூரத்தில் நின்றேன். இன்ஸ்பெக்டரின் குரல் கரகரவென்று வந்தது. "நான் வர்ற வரைக்கும் கேட்டத் தாண்டாத. ஒருத்தரையும் உள்ள விடாத. தாண்டுன, ஒன் வேல போயிரும் பாத்துக்க."

"சரிங்கய்யா" என்றார் ஏட்டையா.

அதன் பிறகு நடந்ததுதான் எல்லோரும் செல்போனில் பார்த்தது. ஆலையில் வேலை செய்கிறவர்களின் வீட்டு ஆட்கள் ஓடி வர வர, அவர் இரண்டு கையையும் விரித்துத் துப்பாக்கியைக் குறுக்கே பிடித்து கேட்டை மறித்தார். தனத்தின் வீட்டுக்காரர் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினார். "நீ போகலேன்னா என்னையாவது விடுய்யா" என்று கத்தினார். நான் ஏட்டையாவின் கையைக் கடித்தேன். அதுவும் வீடியோவில் இருக்கிறது. அவர் கையை இழுத்துக்கொள்ளக்கூட இல்லை. "உத்தரவு வரல ஆத்தா, உத்தரவு வரல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

உள்ளே இரண்டு வெடி. பிறகு அமைதி. மறுபடி இரண்டு. ரெட்டைக் குழலில் இரண்டு வெடித்தால் திரும்ப நிரப்ப வேண்டும், அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அது எனக்கு அப்போது தெரியாது. அவருக்குத் தெரியும். ஒவ்வொரு அமைதியிலும் அவர் கால் ஓர் அங்குலம் முன்னால் போய்த் திரும்பி வந்ததை நான் பார்த்தேன்.

அப்படி ஓர் அமைதியில் தனத்தின் குரல் கேட்டது. "ஏட்டையா... நான் இங்க இருக்கேன்." அவ்வளவு சத்தமாகக்கூட இல்லை. அவருக்குக் கேட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

முக்கால் மணி நேரம். கடைசியில் ஒற்றை வெடி, சுட்டவர் தன்னையே சுட்டுக்கொண்டார். அதற்குப் பிறகும் இன்ஸ்பெக்டரின் ஜீப் வந்து நிற்கும்வரை கேட் மறிபட்டுத்தான் இருந்தது. உள்ளே ஐந்து பேர் செத்துக் கிடந்தார்கள். தனத்துக்குத் தொடையில் பட்ட அந்த ஒரு காயம்தான். ரத்தம் போயே செத்திருக்கிறாள். அரை மணி முன்னால் தூக்கியிருந்தால் பிழைத்திருப்பாள் என்று காரைக்குடி ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். எதற்காகச் சொன்னாரோ, சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மறுநாளிலிருந்து ஊர் வாயை யாராலும் மூட முடியவில்லை. மூடவும் கூடாது என்றுதான் நான் நினைத்தேன். கடையடைப்பு, மறியல், 'கையாலாகாத போலீஸ்' என்று சுவரெங்கும் போஸ்டர். டிவியில் ரிட்டையர்டான அதிகாரி ஒருவர் கோட்டு போட்டு உட்கார்ந்து, முதலில் போகிறவன் காத்திருக்கக் கூடாது, உடனே நுழைய வேண்டும் என்று விளக்கினார். சரியாகத்தான் சொன்னார். ஆனால் எல்லோருடைய விரலும் ஒரே முகத்தைக் காட்டியது. வீடியோவில் தெரிந்த முகம் அது ஒன்றுதான். வாக்கி-டாக்கியில் வந்த குரலுக்கு முகம் இல்லை, வீடியோ எடுக்க ஆரம்பிக்கும் முன்பே வந்துபோன அந்தக் குரல் பதிவாகவும் இல்லை. அடிக்காத ஏட்டு என்று பேர் வைத்த அதே டீக்கடையில், இவனுக்கெல்லாம் எதற்கு மீசை என்று பேசினார்கள். மானகிரியில் அவர் வீட்டு ஜன்னலில் கல் விழுந்தது. ஊர் சார்பாகக் கலெக்டருக்குப் போன மனுவை நான்தான் டைப் செய்தேன். அதில் அவர் பெயரைத் தடித்த எழுத்தில் போட்டேன்.

தனத்தின் பதினாறாம் நாள் காரியத்தன்று தெருமுனையில் வேட்டி சட்டையோடு ஒருவர் வெயிலில் நின்றார். யாரென்று எனக்குத் தெரிந்தது. யாரும் வாங்க என்று சொல்லவில்லை. பந்தி முடிந்து இலை எடுக்கும்போது பார்த்தேன், போய்விட்டிருந்தார்.

துறை விசாரணை சிவகங்கையில் நடந்தது. நான் ஆத்திரப்பட்டுச் சொல்லவில்லை, நிதானமாக யோசித்துத்தான் சொன்னேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். விசாரணை அதிகாரி கேட்டது ஒரே கேள்வி. "உள்ளே போக வேண்டாம்னு இவருக்கு உத்தரவு வந்ததா? நீங்க பக்கத்துல இருந்தீங்க. கேட்டீங்களா?"

இன்ஸ்பெக்டர் எனக்கு முன்பே வாக்குமூலம் கொடுத்துவிட்டார். நிலைமைக்குத் தக்கபடி நடவடிக்கை எடு என்றுதான் சொன்னாராம். அன்றைய பேச்சு எதுவும் பதிவில் இல்லையாம். ஏட்டையா எதிர் நாற்காலியில் தொப்பி இல்லாமல் உட்கார்ந்திருந்தார். உத்தரவு வந்தது என்று நான் சொன்னால் இந்த ஆள் தப்பித்துவிடுவார். தனத்தின் குரலைக் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்ட ஆள் தப்பிக்கக் கூடாது. எனக்கு அன்றைக்கு அது ஒன்றுதான் தெரிந்தது. சொல்லாவிட்டால் தப்பிக்கப்போவது யார் என்று நான் யோசிக்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் கேக்கல சார்" என்றேன்.

அதிகாரி ஏட்டையா பக்கம் திரும்பினார். "இந்தச் சாட்சியை நீங்க குறுக்கு விசாரணை செய்யலாம். ஏதாவது கேக்கணுமா?"

ஏட்டையா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு இன்றைக்குக் கொஞ்சம் சுலபமாக இருக்கும்.

"இல்லைங்கய்யா" என்றார்.

அவரை வேலையிலிருந்தே நீக்கினார்கள். முப்பது வருடச் சர்வீஸ், பென்ஷன் எதுவும் கிடையாது. இன்ஸ்பெக்டருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது, கொஞ்ச நாளில் பதவி உயர்வும் வந்தது என்று கேள்விப்பட்டேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழியைக் கொண்டுபோய் இறக்கி வைத்த கை என்னுடையது. ஊர் போலீஸைத் திட்டியதில் ஒரு தப்பும் இல்லை. அந்தத் திட்டு போய்ச் சேர வேண்டிய மேல்படிக்குப் போகாமல் கீழ்ப்படியிலேயே நின்றதற்கு நானும் ஒரு காரணம். அவர் போட்ட மேல்முறையீடும் தள்ளுபடியானது. வாய்மொழி உத்தரவு வந்ததாகச் சொல்வதற்குச் சாட்சி இல்லை என்று காரணம் எழுதியிருந்தார்கள். அதற்கடுத்த வருடம் செத்துப்போனார்.

அந்த மேல்முறையீட்டை டைப் செய்தது என் கடையில்தான்.

மத்தியானம், கடையில் யாரும் இல்லாத நேரம். தகரக் கூரைக்கு அடியில் நின்றார். இளைத்து, காலர் கழுத்தில் நிற்காமல் தொங்கியது. எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. நான் "வாங்க" என்று சொல்லவில்லை, "என்ன வேணும்?" என்றேன்.

"ஒரு மனு ஆத்தா. வேற கடையில அடிக்க மாட்டேங்குறாக."

முதல் தடவையாக, அழைக்காமலே படியேறி வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். தேதி, நேரம், கையெழுத்துப் போட்டு எடுத்த தோட்டாக்கள், ஸ்கூட்டியில் போனது. ஸ்கூட்டியை யார் ஓட்டியது என்பதை மட்டும் சொல்லவில்லை. உள்ளிருந்து காயம்பட்ட ஒரு பெண்ணின் குரல் தனக்குக் கேட்டது என்பதை, நான் கேட்காமலே, அவரே சொன்னார். "அதையும் போடு. மறைக்கக் கூடாது" என்றார். அடித்தேன். இரண்டு தடவை பிழை விழுந்தது.

"கேட்டைத் தாண்டக் கூடாது என்ற உத்தரவு எனக்கு வாய்மொழியாக வந்தது" என்றார். அடித்தேன்.

"அதை நேரில் கேட்ட சாட்சி..." என்று சொல்லி நிறுத்தினார்.

கண்ணாடி மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார். ஒரு கையில் நான் கடித்த தழும்பு இருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை, கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதற்காக நிறுத்தினார் என்று பிறகுதான் புரிந்தது என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன், அப்போதே புரிந்தது. ஒரு வார்த்தை நான் சொன்னால் போதும், அவர் வாயால் கேட்க மாட்டார். அவ்வளவு நேரம் எனக்குக் கொடுத்தார். எனக்கோ வாயைத் திறந்தால் தனம் இரண்டாம் தடவை செத்துப்போவாள் என்பதுபோல் இருந்தது.

"யாரும் இல்லைன்னு போடு ஆத்தா" என்றார் கடைசியில்.

போட்டேன். பிரிண்டரை ஆன் செய்துவிட்டு, "எத்தன காப்பி வேணும் ஏட்டையா?" என்று கேட்டேன்.